மதிப்புக்குரிய ஐயா அவர்கட்கு

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். அந்த இருட்டுக்குள்தான் நாங்கள் ஐந்து பேரும் ‘வெளியில போய் பி.எச்.டி. செய்வம்’ என்று முடிவெடுத்தோம். அறிவுத் தாகம் என்று சொன்னால் அது பாதிப் பொய். பெற்றோல் வரிசையில் நின்று, ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் வராமல் காத்திருந்து, கையில் வந்த சம்பளத்தை டொலரில் கணக்குப் பார்த்துக் களைத்துப்போய்த்தான் இந்த யோசனை வந்தது. ஏன் ஜேர்மனி? அங்கே பல்கலைக்கழகத்துக்குக் காசு கட்டத் தேவையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரே பள்ளிக்கூடம், பிறகு வேறு வேறு கம்பஸ். பெயர் போடுவதில்லை என்று எங்களுக்குள் பேச்சு, அதனால் பட்டப்பெயர்தான். கிணத்தடி, வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அளந்து முதுமாணி முடித்தவள். கெமிஸ்ட்ரியும் கொம்பியூட்டரும் பேராதனை. மானிடவியல்காரி கொழும்பில் படித்தவள். சரித்திரம், எங்களுக்குள் இருந்த ஒரேயொரு உத்தியோகத்தன், தகுதிகாண் விரிவுரையாளர். வட்ஸ்அப் குழுவுக்கு ‘டொக்டர்மார்’ என்று பெயர் வைத்தோம். எங்கே விண்ணப்பிப்பது என்றுகூடத் தெரியாத காலத்தில் வைத்த பெயர் அது.

முதல் ஆறு மாதமும் பிழையான கேள்வியோடுதான் அலைந்தோம். ‘அட்மிஷன் எப்ப திறக்கும்?’ ‘எத்தினை சீற்?’ ‘ஸ்கொலர்ஷிப்புக்குக் கடைசித் திகதி என்ன?’ இலங்கையில் வளர்ந்தவர்களுக்குக் கல்வி என்றால் அதுதானே. இசட் ஸ்கோர், வெட்டுப்புள்ளி, வரிசை. எங்கோ ஒரு கதவு இருக்கும், ஒரு நாள் திறப்பார்கள், நாங்கள் பைலோடு போய் நிற்க வேண்டும் என்று நினைத்தோம். கொம்பியூட்டர் கதவைக் கண்டுபிடிக்க ஒரு ஏஜென்சிக்கு 180,000 ரூபா கட்டினான். மூன்று மாதத்தில் அவர்கள் ஒரு கடிதம் எடுத்துத் தந்தார்கள். பார்த்தால் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் கட்டணம் கட்டிப் படிக்கிற முதுமாணி. அவனிடம் ஏற்கெனவே ஒரு முதுமாணி இருந்தது. ‘உள்ளுக்க போனா பிறகு பி.எச்.டி.க்கு மாறலாம் தம்பி’ என்றார்கள். காசு திரும்பி வரவேயில்லை.

யூரியூப்பும் எங்களைக் கொஞ்சம் ஆட்டிப் படைத்தது. சென்னைத் தம்பிமாரின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் ஜேர்மனியில் கால் வைக்கவே ஏலாது என்று கெமிஸ்ட்ரி ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லை. அது இந்தியா, சீனா, வியட்நாம் நாடுகளின் மாணவர்களுக்கான சரிபார்ப்பு. எங்களுக்கு அது இல்லை. எங்கள் பட்டம் செல்லுமா என்று பார்க்க அனபின் என்று ஒரு இணையத் தரவுத்தளம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டால் எச் பிளஸ் என்று வரும், வந்தால் நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டது என்று அர்த்தம். நாங்கள் படித்தவை எல்லாம் எச் பிளஸ்தான். இரண்டு நிமிட வேலை.

கண்ணைத் திறந்தது கிணத்தடியின் ஒன்றுவிட்ட அக்கா. ஜேர்மனியில் மூன்றாம் வருடம் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். எங்கள் கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். ‘பிள்ளையள், நீங்கள் அட்மிஷன் தேடுறியள். இஞ்ச அது வேலை. வேக்கன்சி பாருங்கோ’ என்றார்.

அந்த ஒரு வசனம் முதலிலேயே கிடைத்திருந்தால் 180,000 ரூபா மிஞ்சியிருக்கும்.

விஷயம் இதுதான். ஜேர்மனியில் கலாநிதி ஆய்வு செய்கிற பெருந்தொகையானவர்கள் மாணவராக அல்ல, சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆய்வாளராக இருக்கிறார்கள். ஒரு பேராசிரியருக்கு ஒரு ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் கிடைக்கும். அந்தப் பணத்தில் ஒருவரை மூன்று வருடத்துக்கு வேலைக்கு எடுப்பார். அந்த வேலையே உங்கள் ஆய்வு. வேலைக்கு ஆள் எடுப்பது போலவே விளம்பரம், சீ.வி., நேர்முகம் எல்லாம் நடக்கும். ஜனவரி இன்டேக், செப்டெம்பர் இன்டேக் என்று ஒன்றும் இல்லை. திட்டத்துக்குக் காசு வந்த அன்றுதான் கதவு திறக்கும், அது பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையாகவும் இருக்கலாம். இதைத் தனியாள் வழி என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வழியும் உண்டு. ஜேர்மன் ஆய்வு நிதியம் பணம் கொடுக்கும் ஆய்வுப் பயிற்சிக் குழுக்கள், சர்வதேச மக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள் என்று பத்து இருபது பேரை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிற திட்டங்கள். அவற்றுக்குக் கடைசித் திகதி உண்டு, பல இலையுதிர் காலத்தில் வரும். எங்கள் பழைய மூளைக்குச் சௌகரியமானது இதுதான். ஆனால் போட்டியும் அங்கேதான் கூட.

பல்கலைக்கழகங்களை மட்டும் பார்த்ததும் ஒரு பிழை. மக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ், லைப்னிற்ஸ், பிரவுன்ஹோபர் என்று நான்கு பெரிய ஆராய்ச்சி அமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் கீழ் நாடு முழுவதும் நிறுவனங்கள். அவை பட்டம் தருவதில்லை. பட்டத்தை ஒரு பல்கலைக்கழகம் தரும், வேலையும் மேசையும் சம்பளமும் நிறுவனத்தில். கிணத்தடி மாதிரி ஆட்களுக்கு லைப்சிக்கில் இருக்கிற ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றாடல் ஆய்வு மையம், பொட்ஸ்டாமில் இருக்கிற காலநிலைத் தாக்க ஆய்வு நிறுவனம் போன்றவை பல்கலைக்கழகப் பட்டியலில் கண்ணிலேயே படாது.

முதல் விளம்பரத்தை அக்காவோடு சூமில் இருந்து வாசித்தது ஒரு தனி வகுப்பு. தலைப்பில் பதவியின் பெயருக்குப் பக்கத்தில் எம், டபிள்யூ, டி என்று மூன்று எழுத்து. கொம்பியூட்டர் அது ஏதோ விசேட தகைமை என்று பயந்தான். ஆண், பெண், இரண்டிலும் அடங்காதோர் எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்பதாம். அடுத்தது ‘ஈ 13, 65 வீதம்’. ஈ 13 என்பது மாநில அரசு ஊழியரின் சம்பளத் திட்டத்தில் முதுமாணி முடித்தவர்களுக்கான படி. 2025 பெப்ரவரியில் அதன் ஆரம்பச் சம்பளம் முழுநேரத்துக்கு மாதம் 4,600 யூரோ சொச்சமாக இருந்தது. 65 வீதம் என்றால் 3,000. வரி, சுகாதாரக் காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாம் வெட்டுப்பட்டு, தனி ஆள் என்றால் கைக்கு 2,000 அளவில் வரும். ஆய்வுக்காலத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை, பதிந்துகொண்டால் அரைவருடக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும், அதில் பல இடங்களில் பஸ், ரயில் பயணமும் அடங்கும். இன்னொன்று, வேலை ஒப்பந்தம் கையில் இருந்தால் விசாவுக்கு முடக்கிய கணக்குத் தேவையில்லை. சாதாரண மாணவர்கள் 2024 செப்டெம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோவை வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். காணியை ஈடு வைத்து அந்தக் காசைப் புரட்டியவர்களை எங்களுக்குத் தெரியும்.

விளம்பரத்தின் அடியில் சின்னதாக ஒரு வரி: நிதி அங்கீகாரத்துக்கு உட்பட்டது. ‘இந்த வரி இருந்தா நம்பி வேலையை விட்டுடாதேங்கோ’ என்றார் அக்கா. அந்த வரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

தேடுகிற இடங்களைத் தெரிந்துகொண்ட பிறகு தேடுவது கஷ்டமில்லை. டி.ஏ.ஏ.டி. என்கிற ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை கலாநிதி இடங்களுக்கென்றே ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. யூராக்செஸ் என்று ஐரோப்பா முழுவதற்கும் ஒன்று. அக்கடெமிக்ஸ் என்று ஜேர்மன் வேலைத் தளம் ஒன்று. ஆனால் எங்களுக்கு உண்மையில் உதவியது கெப்ரிஸ். ஜேர்மன் ஆய்வு நிதியம் எந்தப் பேராசிரியருக்கு, எந்தத் தலைப்புக்கு, எந்த ஆண்டில் பணம் கொடுத்தது என்பதை எல்லாம் போட்டு வைத்திருக்கிற தரவுத்தளம் அது. ‘நிலத்தடிநீர்’ என்று தேடி, இந்த வருடம் தொடங்கிய திட்டங்களை மட்டும் எடுத்தால், யாரிடம் புதிதாகக் காசு வந்திருக்கிறது, யார் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று விளம்பரம் வருவதற்கு முதலே ஊகிக்கலாம். இதைக் கண்டுபிடித்த அன்று கெமிஸ்ட்ரி குழுவில் பத்து வாணப் படம் போட்டான்.

பிறகுதான் உண்மையான பிரச்சினை வந்தது. கடிதம்.

நாங்கள் சாதாரண தரத்தில் கடிதம் எழுதப் பழகியது எப்படி? கிராம சேவகருக்கு, பிரதேச செயலாளருக்கு, வீதி விளக்குப் போடச் சொல்லி. ‘மதிப்புக்குரிய ஐயா அவர்கட்கு, தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது யாதெனில்’. பிறகு ஆங்கிலத்தில் எழுதினபோதும் எங்கள் கை அதையேதான் எழுதியது. எங்கள் முதல் மின்னஞ்சல்களை இப்போது திறந்து பார்த்தால் வெட்கமாக இருக்கும். தொடக்கம் ஐயாவுக்கு வணக்கம், அவரது பெயர் இல்லை. பாதிக்கு மேல் ‘உங்கள் கீழ் பணிபுரிய ஒரு வாய்ப்புத் தந்தால் வாழ்நாள் முழுதும் நன்றியுடையவனாக இருப்பேன்’, ‘கடினமாக உழைப்பேன்’, ‘பொருளாதார நெருக்கடியால் பாதிக்கப்பட்ட நாட்டிலிருந்து எழுதுகிறேன்’. பெண் பேராசிரியர்களுக்கும் ஐயா போட்டோம். ஒரே கடிதத்தை ஐம்பது அறுபது பேருக்கு அனுப்பினோம். ஒரு தடவை கெமிஸ்ட்ரி ட்ரெஸ்டனில் இருந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஆகனில் இருந்த ஒருவரின் பெயர் அப்படியே இருந்துவிட்டது. அவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். கடிதம் தவறான முகவரிக்கு வந்துவிட்டது போலத் தெரிகிறது, உரியவரிடம் அனுப்பவும் என்று. மரியாதையாகத்தான் இருந்தது. அவன் ஒரு கிழமை மின்னஞ்சலே திறக்கவில்லை.

சீ.வி.யும் அப்படித்தான். அடையாள அட்டை இலக்கம், சமயம், அப்பாவின் தொழில், 2009இல் சிரேஷ்ட மாணவத் தலைவர், மெய்வல்லுநர் போட்டியில் மூன்றாமிடம். அக்கா எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். ஆனால் ஒன்றைப் புதிதாகப் போடச் சொன்னார். எங்கள் ஜி.பி.ஏ.க்குப் பக்கத்தில் ‘4.0 ஆகக்கூடியது’ என்று. ஏனென்றால் ஜேர்மனியில் புள்ளி தலைகீழ். 1.0 தான் ஆகச்சிறந்தது, 4.0 மட்டுமட்டாகச் சித்தி. 3.78 என்று ஒன்றும் சொல்லாமல் எழுதினால், பார்க்கிறவர் இந்தப் பிள்ளை தப்பித் தவறிப் பாஸ் பண்ணியிருக்கிறது என்று நினைக்கக்கூடும். முதல் வகுப்பு எடுத்த கெமிஸ்ட்ரி அதை நாற்பது பேருக்கு அப்படியே அனுப்பியிருந்தான்.

கிணத்தடியின் கடிதத்தை ஒரு இரவு முழுக்க நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து திருத்தினோம். அவள் எழுதியிருந்தது எல்லாம் தான் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்பது. ‘நீ என்ன செய்தனி எண்டு எழுது’ என்று மானிடவியல்காரி கேட்டாள். ‘நான் என்ன செய்தனான்? கிணறு கிணறாப் போய்த் தண்ணி அள்ளினனான்’ என்றாள். உண்மைதான். அப்பாவின் ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மழைக்கு முதலும் மழைக்குப் பிறகுமாகச் சுன்னாகம், உடுவில், இணுவில் என்று வீடு வீடாகப் போனவள். யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். வெங்காயத் தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியின் கழிவும் அதன் வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்கு வந்துவிடும். அதே கிணற்றில்தான் பிள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணி எடுப்பார்கள். சில வீடுகளில், ‘எங்கட கிணறு பழுதெண்டு எழுதிப்போடாதேங்கோ பிள்ளை, காணி விலை போகாது’ என்று படலையிலேயே மறித்திருக்கிறார்கள். அவர்களோடு குந்தியிருந்து தேத்தண்ணி குடித்து, சம்மதம் வாங்கி, இரண்டு வருடம் எடுத்த தரவு. பைண்ட் பண்ணி நூலகத்தில் வைத்ததோடு அது முடிந்துபோயிற்று. பிறகு ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் அதைச் சொல்லுகிற ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

புதுக் கடிதம் 180 சொல். இன்னார், இந்தச் சுண்ணாம்புக்கல் நீரகத்தில் இத்தனை கிணற்றில் இரண்டு பருவம் மாதிரி எடுத்தேன், இன்ன முறையில் அளந்தேன், மழைக்குப் பிறகு சில கிணறுகளில் எதிர்பார்த்ததற்கு மாறாக அளவு குறைந்தது, ஏன் என்று எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. உங்கள் புதிய திட்டத்தில் அந்தக் கேள்வி இருப்பதாகக் கண்டேன், ஆள் எடுக்கிறீர்களா? தாழ்மையும் இல்லை, நன்றியுணர்வும் இல்லை. அனுப்பும்போது அவளுக்குக் கை நடுங்கியது. ‘திமிரெண்டு நினைக்கமாட்டினமோ?’ என்று இரண்டு தரம் கேட்டாள்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. அந்தத் தரவை ஒருக்கால் பார்க்கலாமா, சல்லடைத் தாளின் நுண்துளை எத்தனை மைக்ரோமீற்றர் என்று. வேலை இருக்கிறது என்றுகூட அந்த மின்னஞ்சலில் இல்லை. ஆனால் அவள் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கிணறுகளைப் பற்றி முதல் முறையாக ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார்.

நேர்முகம் ஒக்டோபர் கடைசித் திங்கட்கிழமை, ஜேர்மனி நேரம் காலை 10 மணி. எங்களுக்குப் பிற்பகல் 1.30 என்று கணக்கு. அந்த நாளைய மின்வெட்டு நேரத்தைப் பார்த்து, ரவுட்டருக்குப் பற்றரி கட்டி, 1.15க்கே சேலையோடு கமெராவுக்கு முன்னால் இருத்திவிட்டோம். 1.30க்கு ஒருவரும் வரவில்லை. 1.45க்கும் இல்லை. இரண்டு மணிக்கு அவள் அழத் தொடங்கிவிட்டாள். நடந்தது என்னவென்றால், ஒக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். மூன்றரை மணித்தியால வித்தியாசம் ஒரே இரவில் நாலரையாகிவிடும். 2.30க்கு அவர்கள் சிரித்த முகத்தோடு வந்தார்கள். இவள் கண் வீங்கிப் போய் இருந்தாள்.

முடிவில் ‘உங்களிடம் எங்களுக்கு ஏதும் கேள்வி இருக்கிறதா?’ என்று கேட்பார்கள். இது முக்கியம். ‘இல்லை ஐயா’ என்பதுதான் எங்கள் வாயில் தன்னால் வருகிற பதில். கொம்பியூட்டர் முதல் இரண்டு நேர்முகத்திலும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தான், இரண்டும் கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்கிற உரிமை எங்களுக்கு இருக்கிறது, கேட்க வேண்டிய தேவையும் இருக்கிறது. ஒப்பந்தம் எத்தனை வருடம், முடியாவிட்டால் நீடிப்பார்களா, குழுவில் முதல் இருந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், கற்பிக்க வேண்டுமா, மேற்பார்வையாளரைக் கிழமைக்கு ஒருக்காலாவது காணலாமா. கிணத்தடி இதை எல்லாம் ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். குழுவில் இருக்கும் ஒரு ஆய்வு மாணவரோடு தனியாகக் கதைக்கலாமா என்று கடைசியாகக் கேட்டாள். உடனே ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். அந்தத் தனிக் கதையில்தான் உண்மை நிலவரம் தெரிந்தது என்கிறாள்.

உண்மை நிலவரத்தைச் சொல்லாமல் விட்டால் நாங்களும் ஏஜென்சி மாதிரி ஆகிவிடுவோம். 65 வீதச் சம்பளம் என்றால் 65 வீத வேலை இல்லை. முழு நாளும் வேலைதான், மிச்ச 35 வீதம் உங்கள் ‘சொந்த’ ஆய்வுக்கான நேரமாம். கணினித் துறையில் 100 வீதம் சாதாரணமாகக் கிடைக்கும், கொம்பியூட்டருக்குக் கிடைத்ததும் அதுதான். கலைத்துறையில் 50 வீதத்துக்கும் ஆட்கள் போகிறார்கள். மூன்று வருட ஒப்பந்தத்தில் முடிக்க முடியாமல் கடைசி மாதங்களை எப்படி ஓட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்கள் நிறைய. பட்டத்துக்குப் பிறகும் நிரந்தர வேலை லேசில் இல்லை. பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று எல்லை போட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தை விளக்கக் கல்வி அமைச்சு ‘ஹன்னா’ என்ற கற்பனைப் பாத்திரத்தை வைத்து ஒரு காணொளி செய்திருந்தது. 2021இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் ‘நான்தான் ஹன்னா’ என்று சமூக ஊடகங்களில் தங்கள் கதைகளை எழுதத் தொடங்கினார்கள். ஜேர்மன்காரருக்கே அப்படி என்றால், விசாவும் ஒப்பந்தமும் ஒன்றோடொன்று கட்டப்பட்ட எங்களுக்கு எப்படி இருக்கும்? மேற்பார்வையாளரே முதலாளி, அவரே புள்ளி போடுகிறவர், அவரே நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் தருகிறவர். நல்லவர் கிடைத்தால் சரி.

கலைப்பீட ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழிகாட்டிகள் எல்லாம் விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு என்றே எழுதப்பட்டவை. அங்கே விளம்பரம் குறைவு. பெரும்பாலும் நீங்களே பத்துப் பதினைந்து பக்கத்தில் ஆய்வு முன்மொழிவு எழுதி, அதற்கு ஒரு பேராசிரியரின் சம்மதக் கடிதம் வாங்கி, பிறகு பணத்துக்குத் தனியாகப் போக வேண்டும். டி.ஏ.ஏ.டி. உதவித்தொகை அண்மைய வருடங்களில் மாதம் 1,300, 1,400 யூரோ அளவில். கடைசிப் பட்டம் எடுத்து ஆறு வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்களின் பொது விதி, அதனால் ‘பிறகு பாப்பம்’ என்று இழுக்காதீர்கள். கட்சிகளுக்கு நெருக்கமான ஹைன்ரிக் பொல், பிரீட்ரிக் ஏபேர்ட், கொன்ராட் அடனவர், ரோசா லக்சம்பேர்க் மன்றங்களும் வெளிநாட்டவருக்குக் கொடுக்கின்றன. புள்ளியோடு சமூக வேலையும் பார்ப்பார்கள், பலவற்றில் ஜேர்மன் மொழியும் கேட்பார்கள். மானிடவியல்காரி இதற்காகவே கொழும்பு கிரெகரி வீதியில் இருக்கிற கோதே நிலையத்தில் மொழி படித்தாள்.

தமிழ் சார்ந்த ஆய்வுக்கு ஜேர்மனி அந்நிய இடமும் இல்லை. ஹைடல்பேர்க்கில் 1962இலிருந்து தென்னாசிய நிறுவனம் இருக்கிறது. ஹம்பேர்க்கில் ஏட்டுச் சுவடிகளை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு படித்தது ஹாலேயில். அங்குள்ள பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் மிஷனரிமாரின் கடிதங்களும் தமிழ் ஓலைச் சுவடிகளும் கிடக்கின்றன. சரித்திரத்தின் முன்மொழிவு அந்தக் கடிதங்களைப் பற்றியது. தன் ஊரில் இருந்துகொண்டு தமிழை வாசிக்கத் தெரிந்த ஒருவன், அங்கே போய் அந்தத் தாள்களை எடுத்தால் என்ன நடக்கும் என்பதுதான் அவன் கேள்வி. அவனுக்குப் பழைய ஜேர்மன் கையெழுத்து வாசிக்க வராது. அங்கே இருப்பவர்களுக்கு அவனைப் போல தமிழ் வராது. இதை முன்மொழிவில் அப்படியே எழுதலாமா என்று அவன் தயங்கினான். எழுத வைத்தோம்.

சிபாரிசுக் கடிதங்களைப் பற்றிப் பேசினால் கட்டுரை நீளும், சண்டையும் வரும். எங்களில் ஒருவருக்கு ஒரு விரிவுரையாளர் ‘நீயே எழுதிக் கொண்டா’ என்றார். எழுதிக் கொண்டுபோன பிறகு கையெழுத்து வாங்க இரண்டு மாதம். இன்னொருவரோ எங்களிடம் சொல்லாமலே அன்றிரவே அனுப்பிவிட்டிருந்தார். அதிர்ஷ்டம்தான். முன்கூட்டியே கேளுங்கள், மூன்று பேரைக் கேளுங்கள்.

இப்போதைய கணக்கு. கிணத்தடி 2023 வசந்தத்தில் போனாள், கிழக்கு ஜேர்மனியில் ஒரு நகரம், 65 வீதம். வீடு கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. அங்கே அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, வயல்களுக்கு நடுவிலிருக்கும் கண்காணிப்புக் கிணறுகளில் தண்ணீர் எடுப்பது. படம் அனுப்பியிருந்தாள், கம்பளி உடுப்பும் இறப்பர்ச் சப்பாத்தும் ஐஸ் பெட்டியுமாக. ஸ்கூட்டி மட்டும்தான் இல்லை. கெமிஸ்ட்ரி ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில். கொம்பியூட்டர் 100 வீதத்தில், ஏஜென்சிக் காசை இரண்டாம் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு அனுப்பினான். மானிடவியல்காரிக்கு டி.ஏ.ஏ.டி. முதல் தரம் கிடைக்கவில்லை. இரண்டாம் தரம் விண்ணப்பிக்கிற நேரம் அம்மாவுக்குச் சுகமில்லாமல் வந்தது. இப்போது கொழும்பில் முதுதத்துவமாணி செய்கிறாள். அதைத் தோல்விக் கணக்கில் போடாதேங்கோ என்று சொல்லியிருக்கிறாள். போடவில்லை. அவளுடைய ஜேர்மன்தான் எங்கள் எல்லோரையும்விட நல்லது, கெமிஸ்ட்ரியின் வீட்டு ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்துச் சொன்னது அவள்தான்.

சரித்திரத்துக்கு ஒரு பேராசிரியரின் சம்மதம் கிடைத்துவிட்டது. இடமும் தருவதாகச் சொன்னார்கள், நிதி அங்கீகாரத்துக்கு உட்பட்டது என்ற அந்தச் சின்ன வரியோடு. அங்கீகாரம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் படிப்பு விடுமுறைக்கு எழுதி, திரும்பி வருவேன் என்ற பிணைப் பத்திரத்துக்கு இரண்டு மாமாமாரைக் கெஞ்சிக் கூட்டாக்கி வைத்திருந்தான். எல்லாத்தையும் திரும்ப மடித்து வைத்தான். அக்கா சொன்னபடி வேலையை மட்டும் விடவில்லை.

நேற்று இரவு ‘டொக்டர்மார்’ குழுவில் கிணத்தடி ஒரு விளம்பரம் போட்டாள். பதினெட்டாம் நூற்றாண்டு மிஷனரி ஆவணங்கள், மூன்று வருடம், 65 வீதம், தென்னாசிய மொழி ஒன்று தெரிந்தவர்கள் விரும்பப்படுவர், கடைசித் திகதி ஞாயிறு நள்ளிரவு. அடியில் அந்தச் சின்ன வரி இல்லை, இரண்டு தரம் பார்த்துவிட்டோம். சரித்திரம் கடிதத்தின் முதல் வரைவை அனுப்பியிருக்கிறான். தொடக்கம் இப்படி: ‘மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்கட்கு, தாழ்மையுடன்’. மானிடவியல்காரி அதைச் சிவப்பில் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.